துருவத்தைக் குறிவைத்த கண்ணாடித் தொழிலாளி

நண்பர்களே, இயற்பியல் புத்தகங்களில் ஒளியியல் பகுதியைப் புரட்டினால் பிரான்ஹோபர் வரிகள் என்று ஒரு தலைப்பு கட்டாயம் இருக்கும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நாலு வரி மனப்பாடம் செய்வோம், எழுதிவிட்டு வருவோம், அதோடு சரி. அந்தப் பெயருக்கு உரிய மனிதர் யார், எங்கே படித்தார், என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவரில்லை. கண்ணாடி தேய்க்கும் பட்டறையில் சம்பளமில்லாத எடுபிடியாகச் சேர்ந்த ஒரு அநாதைப் பையன். ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்துக் கை காய்த்துப் போன நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது. அதனால்தான் இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று உலகம் முழுக்க நட்சத்திரங்களையும் நெபுலாக்களையும் மணிக்கணக்கில் படம் பிடிக்கிறார்கள். அதற்கு முன்னால் செய்யும் முதல் வேலை, தொலைநோக்கியின் மவுண்ட்டை வானத்தின் துருவத்துக்கு நேராக நிறுத்துவது. அந்த மவுண்ட்டுக்கு இன்று நாம் பார்க்கும் உருவத்தைக் கொடுத்தவரும் இதே பிரான்ஹோபர்தான்.

அநாதைப் பையன்

ஜோசப் பிரான்ஹோபர் 1787 மார்ச் 6-ல் ஜெர்மனியின் பவேரியாவில் ஸ்ட்ராவ்பிங் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் பதினோராவது பிள்ளை. அப்பா ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. பையனுக்குப் பத்து வயதில் அம்மா போனாள். அடுத்த வருடமே அப்பாவும் போனார். பதினோரு வயதில் கேட்க நாதியில்லை.

பொறுப்பேற்றுக் கொண்டவர்கள் முதலில் அவனை மரக் கடைசல் வேலைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உடம்பில் தெம்பு இல்லாததால் அந்த வேலை ஒத்துவரவில்லை. 1799-ல் மியூனிக் நகரில் வைக்சல்பெர்கர் என்ற கண்ணாடித் தொழில் முதலாளியிடம் கொண்டுபோய் விட்டார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி செய்வதும் கண்ணாடி அறுப்பதும் அங்கே தொழில். தொழில் கற்றுக்கொள்ளப் பணம் கட்ட வேண்டும். பையனிடம் பணம் இல்லை. அதற்கு ஈடாக ஆறு வருடம் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும் என்று ஏற்பாடு. வேலை செய்யும் பையன்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போவதையோ புத்தகம் படிப்பதையோ முதலாளி விரும்பவில்லை. கண்ணாடி தேய்க்கிறவனுக்குப் படிப்பு எதற்கு என்ற நினைப்பு. இந்த நினைப்பு பவேரியாவுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும்.

இடிந்து விழுந்த வீடு

1801 ஜூலை 21. பட்டறையும் குடியிருப்புமாக இருந்த அந்த வீடு திடீரென்று இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி இறந்துபோனார். பதினான்கு வயது ஜோசப் இடிபாடுகளுக்குள் மாட்டிக்கொண்டான். பல மணி நேரம் தோண்டித்தான் உயிரோடு வெளியே எடுத்தார்கள். மீட்பு வேலை நடந்த இடத்துக்குப் பவேரியாவின் ஆட்சியாளர் மாக்சிமிலியனே நேரில் வந்திருந்தார். பிழைத்து வந்த பையனுக்கு 18 தங்கக் காசு கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் உட்ஷ்னைடர் என்ற அதிகாரியும் இருந்தார். தொழில்கள் தொடங்குவதில் ஆர்வமுள்ளவர். அவர் பையனுக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தார்.

கையில் காசு வந்ததும் ஜோசப் என்ன செய்தான் என்று பாருங்கள். துணிமணி வாங்கவில்லை. சொந்தமாகக் கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஒன்று வாங்கினான். மிச்சப் பணத்தைக் கொடுத்து, பாக்கியிருந்த அப்ரண்டிஸ் காலத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டான். விசிட்டிங் கார்டு செதுக்கும் தொழில் ஒன்றையும் தொடங்கினான். ஓடவில்லை. திரும்பவும் பழைய முதலாளியிடமே கூலிக்குப் போனான். ஆனால் ஒளியியலையும் கணக்கையும் மட்டும் விடவில்லை, படித்துக்கொண்டே இருந்தான்.

1806-ல் உட்ஷ்னைடர் அவனைக் கூப்பிட்டுத் தன் கம்பெனியில் சேர்த்தார். ரைஷன்பாக் என்ற கருவி வல்லுநரும் லீப்ஹெர் என்ற கடிகாரத் தொழிலாளியும் உட்ஷ்னைடரும் சேர்ந்து நடத்திய நிறுவனம் அது. நில அளவைக்குத் தேவையான தியோடலைட் போன்ற கருவிகள் அங்கே தயாராயின. சிவில் நண்பர்கள் கவனிக்கவும்! கருவியின் இரும்பு வேலையும் பித்தளை வேலையும் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், லென்ஸ் சரியில்லை என்றால் எல்லாம் வீண். நல்ல லென்ஸ் செய்ய நல்ல கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடிதான் அப்போது கிடைக்கவில்லை.

உலையில் ஒரு போராட்டம்

தொலைநோக்கியின் லென்ஸில் நிறப் பிழையைக் குறைக்க, கிரௌன், பிளின்ட் என்று இரண்டு வகைக் கண்ணாடிகளில் செய்த லென்ஸ்களைச் சேர்த்துப் போடுவார்கள். இதில் பிளின்ட் கண்ணாடியில் ஈயம் சேரும். உருக்கும்போது கனமான பகுதி அடியில் தங்கிவிடும். ஆறியபின் பார்த்தால் சர்க்கரைப் பாகு தண்ணீரில் கரைவதுபோல உள்ளே நெளிநெளியாக ஓடும். சின்னத் துண்டு என்றால் நல்ல இடமாகப் பார்த்து வெட்டிக்கொள்ளலாம். பெரிய லென்ஸுக்கு என்ன செய்வது?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கினான் என்ற கைவினைஞர் இதற்கு வழி கண்டிருந்தார். உருகிய கண்ணாடியை நெருப்பு தாங்கும் களிமண் கோலால் கலக்குவதுதான் அந்த வழி. பெனெடிக்ட்போயர்ன் என்ற இடத்தில் பழைய கிறிஸ்தவ மடத்துக் கட்டடத்தில் உட்ஷ்னைடர் கண்ணாடி உலை அமைத்து, கினானை அங்கே வைத்திருந்தார். பிரான்ஹோபரும் அங்கே போனார். 1809-லேயே, அதாவது 22 வயதில், லென்ஸ் பட்டறைக்குப் பொறுப்பானார். கினானிடம் கண்ணாடி உருக்கவும் கற்றுக்கொண்டு, கொஞ்ச நாளில் அந்த வேலையும் அவர் கைக்கு வந்தது. 1814-ல் கினான் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அந்தக் காலத்தில் கண்ணாடி வேலை கைப்பக்குவம்தான். பிரான்ஹோபர் அந்தப் பக்குவத்தோடு அளவையும் சேர்த்தார். ஒவ்வொரு உருக்கலின் கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தை எவ்வளவு வளைக்கிறது என்று அளந்து பார்த்தால்தான் லென்ஸின் வளைவைக் கணக்குப் போட முடியும். ஆனால் வானவில்லில் சிவப்பு எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று எதை வைத்துச் சொல்வது? அளப்பதற்கு ஒரு குறி வேண்டும் அல்லவா?

கறுப்புக் கோடுகள்

1814-ல் அவர் சூரிய ஒளியை ஒரு மெல்லிய பிளவு வழியாக உள்ளே விட்டார். தூரத்தில் ஒரு கண்ணாடிப் பட்டகம். அதற்குப் பின்னால் தியோடலைட்டின் தொலைநோக்கி. நிறமாலை முழுவதும் குறுக்கே கறுப்புக் கோடுகள்! 1802-ல் இங்கிலாந்தில் வொல்லஸ்டன் இப்படிச் சில கோடுகளைப் பார்த்ததுண்டு. பிரான்ஹோபர் பார்த்ததோடு நிற்கவில்லை. உட்கார்ந்து 574 கோடுகளை எண்ணினார். முக்கியமானவற்றுக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் பெயர் வைத்தார். சோடியம் விளக்கின் மஞ்சளோடு பொருந்தும் டி கோடு அவர் வைத்த பெயர்தான். இன்றும் அதே பெயர்.

அவருக்கு வேண்டியிருந்தது கண்ணாடியை அளக்க ஒரு ஸ்கேல். அந்த ஸ்கேலைச் சூரியனே கொடுத்துவிட்டது. அந்தக் கோடுகள் சூரியனில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்லும் கையெழுத்து என்பதை 1859-ல் கிர்ச்சாஃப், புன்சன் என்ற இருவர் கண்டுபிடித்தபோது, பிரான்ஹோபர் இறந்து 33 வருடம் ஆகியிருந்தது. நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909-ல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் ஓடும் விதத்தைக் கண்டதும், இதே கோடுகள் இடம் நகர்வதை வைத்துத்தான்.

படிக்காதவருக்கு நாற்காலி எதற்கு?

இவ்வளவு செய்தவரை மியூனிக் அறிவியல் அகாடமி கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்திருக்கும் என்றுதானே நினைப்போம்? 1817-ல் வெளியூர் உறுப்பினர் போன்ற ஒரு தகுதி கொடுத்தார்கள். அதற்குமேல் உயர்த்தலாம் என்று பேச்சு வந்தபோது உள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. இவர் முறையாகப் படித்தவரில்லை, தொழிலாளி, கருவி செய்கிறவர், அறிஞர் அல்ல என்பது வாதம். 1821-ல்தான் கூட்டங்களில் உட்காரும் உரிமை கிடைத்தது. 1822-ல் எர்லாங்கன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1823-ல் அகாடமியின் இயற்பியல் கருவிக்கூடம் அவர் பொறுப்பில் வந்தது. 1824-ல் அரசர் பிரபுப் பட்டம் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோதானா என்ற கேள்வியைக் கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன், பஸ்ஸிலும் கேட்டிருக்கிறேன். நம்மில் பலர் கேட்டிருப்பீர்கள். அந்த அகாடமியில் நடந்த வாதத்தைப் படித்தபோது, இந்தக் கேள்விக்கு இருநூறு வயதாகிறது என்று தெரிந்தது. கையால் செய்யத் தெரிந்தவனுக்கு அறிவு குறைவு என்ற எண்ணம் அப்போதும் இருந்தது. அதற்கு அவர் கொடுத்த பதில் ஒரு தொலைநோக்கி.

வானம் நகர்கிறது, கருவி என்ன செய்யும்?

பூமி தன் அச்சில் சுற்றுவதால் வானம் மணிக்கு 15 டிகிரி கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதுபோலத் தெரிகிறது. முழு நிலாவின் அகலம் அரை டிகிரி. அப்படியானால் வானத்தின் நடுக்கோட்டில் உள்ள ஒரு நட்சத்திரம் இரண்டே நிமிடத்தில் ஒரு நிலா அகலத்தைக் கடந்துவிடும். பெரிய தொலைநோக்கியில் பார்க்கும்போது, கண்ணை வைத்துக் கூர்மையாகப் பார்க்கத் தொடங்குவதற்குள் நட்சத்திரம் ஓடிவிடும்.

பீரங்கி மாதிரி மேலே கீழே, இடம் வலம் என்று இரண்டு பக்கமும் திருப்பும் மவுண்ட்டில் நட்சத்திரத்தைத் துரத்த வேண்டுமானால் இரண்டு அச்சையும் ஒரே நேரத்தில், மாறிக்கொண்டே இருக்கும் வேகத்தில் திருப்ப வேண்டும். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. ஒரு அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்துவிட்டால் போதும். பூமி ஒரு பக்கம் சுற்றுகிறது, நாம் அதே வேகத்தில் எதிர்ப் பக்கம் சுற்றுகிறோம். இரண்டும் கழிந்துபோய் நட்சத்திரம் நின்றுவிடும்! ஒரே அச்சு, ஒரே சீரான வேகம். இதுதான் ஈக்வடோரியல் மவுண்ட். இந்தக் கருத்து பிரான்ஹோபருக்கு முன்பே உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் தூண் நிறுத்தி நடுவில் நீண்ட சட்டம் போட்ட கனமான அமைப்புகள்தான் அப்போது பெரிய கருவிகளுக்கு வழக்கத்தில் இருந்தன.

தார்பத்துக்குப் போன கருவி

இன்று எஸ்டோனியா நாட்டில் தார்த்து என்று அழைக்கப்படும் ஊருக்கு அன்று தார்பத் என்று பெயர். ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அங்கே வானியல் ஆய்வகத்தின் தலைவர் ஸ்ட்ரூவே. அவருக்காகப் பிரான்ஹோபர் செய்த தொலைநோக்கியின் லென்ஸ் விட்டம் 24.4 செ.மீ. குவியத் தூரம் ஏறத்தாழ 4.3 மீட்டர். லென்ஸ் தொலைநோக்கிகளில் அன்று உலகத்திலேயே பெரியது அதுதான். 1824-ல் அது தார்பத் போய்ச் சேர்ந்தது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஸ்ட்ரூவேதான் பூட்டி நிறுத்தினார்.

மவுண்ட்டைப் பாருங்கள். ஒரே ஒரு தாங்கி. அதன் தலையில் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்த ஒரு ஷாப்ட். அதுதான் துருவ அச்சு. அதன் மேல் முனையில் குறுக்கே இன்னொரு ஷாப்ட். குறுக்கு ஷாப்ட்டின் ஒரு பக்கம் தொலைநோக்கிக் குழாய், மறுபக்கம் அதற்குச் சமமான எடை. தராசு மாதிரி. அசையும் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிர் எடை வைத்துச் சமன் செய்திருந்ததால், அவ்வளவு பெரிய கருவியைக் கையால் லேசாகத் தள்ளினாலே திரும்பும். இன்று கடையில் வாங்கும் சின்னத் தொலைநோக்கியில் கூட ஒரு பக்கம் குழாயும் மறுபக்கம் கம்பியில் கோத்த குண்டும் இருந்தால், அது பிரான்ஹோபர் வகைதான். ஜெர்மன் ஈக்வடோரியல் என்று உலகம் முழுக்கப் பெயர். இதில் ஒரு சிரமமும் உண்டு. நட்சத்திரம் உச்சிக்கோட்டைத் தாண்டிப் போகும்போது குழாய் தூணில் இடித்துவிடலாம். அதனால் குழாயை மறுபக்கம் மாற்றிப் போட வேண்டும். இன்றைக்கும் படம் பிடிப்பவர்கள் நடு ராத்திரியில் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்தது ஓட்டும் இயந்திரம். துருவ அச்சு ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆக வேண்டும். 24 மணி அல்ல. நட்சத்திரக் கணக்குக்கு ஒரு நாள் அவ்வளவுதான். கீழே இறங்கும் ஒரு எடை சக்தி கொடுக்கிறது. சாதாரணக் கடிகாரம் டிக் டிக் என்று நின்று நின்று நகரும். அதை மாட்டினால் நட்சத்திரமும் துள்ளித் துள்ளித்தான் போகும். அதனால் பிரான்ஹோபர் கவர்னர் வைத்தார். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேகம் கூடினால் சுழலும் எடைகள் வெளியே விரியும், விரிந்தால் உராயும், உராய்ந்தால் வேகம் குறையும். ஓட்டம் எண்ணெய் ஒழுகுவதுபோல ஒரே சீராக இருக்கும். நாம் செமஸ்டருக்காக வரையும் கவர்னர் படம் ஒரு காலத்தில் நட்சத்திரத்தை நிறுத்தி வைத்திருக்கிறது!

துருவம் பார்த்து நிறுத்துவது

மவுண்ட் எவ்வளவு துல்லியமாகக் கடைந்திருந்தாலும், துருவ அச்சு சரியான திசையில் நிற்கவில்லை என்றால் பயனில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

துருவம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கும்? அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. மியூனிக்கில் 48 டிகிரி. தார்பத்தில் 58 டிகிரிக்குச் சற்று மேல். கன்னியாகுமரியில் 8, சென்னையில் 13. பிரான்ஹோபர் மியூனிக்கில் உட்கார்ந்து, தான் பார்க்காத ஒரு ஊரின் வானத்துக்காக அந்த மவுண்ட்டைச் செய்தார். நம் ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் ஈக்வடோரியல் வகைதான். குதிரை லாட வடிவத் தாங்கி. அதன் துருவ அச்சு வெறும் பன்னிரண்டரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. கிட்டத்தட்டப் படுத்த நிலை!

முதல் வேலை, ஸ்பிரிட் லெவல் வைத்துத் தாங்கியை மட்டம் செய்வது. இரண்டாவது, அச்சை வடக்கே திருப்பி, அட்சரேகை அளவுக்குச் சாய்த்து, துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்துவது. இதோடு வேலை முடியாது. துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை. இன்று ஏறக்குறைய 0.6 டிகிரி தள்ளி இருக்கிறது. நிலா அகலத்தைவிடச் சற்று அதிகம். பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 வருடத்துக்கு ஒரு முறை பம்பரம் மாதிரி தலையை ஆட்டிச் சுற்றுவதால் இந்தத் தூரம் மாறிக்கொண்டே வரும். 1824-ல் ஒன்றரை டிகிரிக்கும் மேல் இருந்தது. அந்தப் பிழையையும் கழிக்க வேண்டும்.

மூன்றாவது, நட்சத்திரத்தையே சாட்சியாக வைத்துச் சரிபார்ப்பது. நம் ஊர் இருக்கும் வட பாதிக்கு இது பொருந்தும். உச்சிக்கோட்டின் அருகே, வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓட விட வேண்டும். நட்சத்திரம் மெல்லத் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளி நிற்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே தள்ளி நிற்கிறது. திருத்த வேண்டும். பிறகு கிழக்கே தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரம். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. மறுபடி திருத்த வேண்டும். மாற்றி மாற்றி, நழுவல் நிற்கிற வரைக்கும். லேத்தில் ஜாபை டயல் வைத்து சென்டர் பண்ணுகிற அதே வேலை. இங்கே சுற்றுகிற ஜாப் பூமி, அவ்வளவுதான்.

அச்சு ஒரே ஒரு டிகிரி தள்ளிப் போனால் என்ன ஆகும்? ஒரு மணி நேரத்தில் நட்சத்திரம் கால் டிகிரி வரைக்கும் நழுவும். பாதி நிலா அகலம். கண்ணால் பார்ப்பவர் கையால் திருத்திக்கொள்வார். கேமராவுக்குக் கை கிடையாது. அது புள்ளியைக் கோடாகப் பதிந்துவிடும்.

அவர் பார்க்காத பலன்கள்

பிரான்ஹோபர் காலத்தில் நட்சத்திரப் புகைப்படம் கிடையாது. ஆனால் நின்று பார்க்க முடிந்த தொலைநோக்கி கிடைத்ததும் ஸ்ட்ரூவே ஏறக்குறைய 1,20,000 நட்சத்திரங்களைச் சோதித்தார். 1827-ல் 3,112 இரட்டை நட்சத்திரங்களின் பட்டியலை வெளியிட்டார். 1838-ல் பெசல் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளந்து அறிவித்தார். அவர் கையிலிருந்த கருவியும் பிரான்ஹோபர் பட்டறையில் உருவானது. 1846 செப்டம்பர் 23 ராத்திரி பெர்லினில் நெப்டியூன் கிரகத்தைக் கண்டதும் அதே பட்டறையின் தொலைநோக்கி வழியாகத்தான்.

1850-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வகத்தில் வேகா நட்சத்திரத்தைப் படம் பிடித்தார்கள். சூரியனைத் தவிர மனிதன் புகைப்படம் எடுத்த முதல் நட்சத்திரம். வெள்ளித் தகட்டில் ஏறக்குறைய 100 விநாடி. அந்தத் தொலைநோக்கி, பிரான்ஹோபரின் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்திய மெர்ஸ், மாலர் இருவரும் செய்தது. ஓட்டும் இயந்திரம் சீராக இல்லாததால் மங்கலான நட்சத்திரங்களைப் பிடிக்க முடியவில்லை. இயந்திரத்தைத் திருத்தி, புதிய வகைத் தகடும் வந்தபின், 1857-ல் அருந்ததி, வசிஷ்டர் நட்சத்திரங்கள் படத்தில் விழுந்தன. 1880-ல் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் தொடர்ந்து படம் பிடித்தார். 51 நிமிடம் வானத்தை நிறுத்தி வைக்க வேண்டுமானால் அச்சு எவ்வளவு சரியாக நின்றிருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

இவற்றில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. 1826 ஜூன் 7-ல் காசநோயால் இறந்தார். வயது 39. ஸ்ட்ரூவேயின் பட்டியல் அச்சாகி வந்தது அதற்கு அடுத்த வருடம். அவர் தயாரித்த கருவிகளை விடக் குறைவான நாள்தான் அவர் வாழ்ந்தார். தார்பத் தொலைநோக்கி இன்றும் அதே ஊரில் பழைய ஆய்வகத்தில் இருக்கிறது.

ஒரு குறை, ஒரு பாடம்

பெரியவர்கள் வாழ்க்கையை எழுதும்போது நிறைகளை மட்டும் அடுக்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வந்து பார்த்த அறிஞர்களுக்குப் பிரான்ஹோபர் தன் அளவுக் கருவிகளைக் காட்டினார், கறுப்புக் கோடுகளைக் காட்டினார், கட்டுரையும் எழுதினார். கண்ணாடி உருக்கும் முறையை மட்டும் காட்டவில்லை. அது கம்பெனியின் ரகசியம். இங்கிலாந்தில் 1824-ல் குழு அமைத்து, ஃபாரடே போன்ற மேதையே வருடக்கணக்கில் உலையோடு போராடியும் அந்தத் தரம் வரவில்லை.

ரகசியம் காத்ததற்கு நியாயம் இருக்கலாம். நூற்றுக்கணக்கில் உருக்கிக் கொட்டி, கைக்காசைப் போட்டுக் கண்டுபிடித்ததை யார் சும்மா தருவார்கள்? ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. புத்தகம் படிக்க விடாத முதலாளியிடம் வதைபட்டவர் அவர். அறிவுக்குப் பூட்டுப் போட்டால் என்ன வலி வரும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மறுபுறம், கினான் தன் வித்தையைக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார். அது அவர் மகன் வழியாகப் பாரிஸுக்கும், பிறகு 1848-ல் இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒரு கதவை பிரான்ஹோபர் மூடவில்லை. தன் பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். 1808-ல் சாதாரணத் தொழிலாளியாக வந்து சேர்ந்த ஜார்ஜ் மெர்ஸ் அங்கேயே கற்றுத் தேறி, பிரான்ஹோபருக்குப் பின் அதே பட்டறையை நடத்தினார். ஹார்வர்டுக்குத் தொலைநோக்கி செய்த அந்த மெர்ஸ் இவர்தான். அகாடமியில் உட்கார நாற்காலி கிடைக்காதவர், பட்டறைக்குள் ஒரு பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார். அந்த ஒரு கதவு திறந்திருந்ததால்தான் முதல் நட்சத்திரப் படம் கிடைத்தது.

நண்பர்களே, நாளைக்கு நாம் ஏதோ ஒரு கம்பெனியில், ஏதோ ஒரு மெஷினுக்கு முன்னால் நிற்கப் போகிறோம். நமக்குக் கீழே ஒரு பையன் வந்து சேருவான். அவனும் படிக்க வசதியில்லாமல் வந்தவனாகத்தான் இருப்பான். கருவியை அவன் கையில் கொடுப்போமா, அல்லது துடைக்கும் துணியை மட்டும் கொடுப்போமா? அந்த ஒரு முடிவு நம் கையில்தான் இருக்கிறது. அதற்கு எந்த அகாடமியின் அனுமதியும் வேண்டாம்.